மலைபடுகடாத்தில் வழியிடரும் வழியறிவும்

ஆய்வுச் சுருக்கம்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், நன்னனை நாடிச் செல்லும் கூத்தர் குழுவினர்க்கு மலைவழியின் இடர்களையும் அவற்றைக் கடக்கும் முறைகளையும் விரிவாகக் கூறுகிறது. இப்பகுதி பெரும்பாலும் இயற்கை வருணனையாகவே படிக்கப்பட்டு வந்துள்ளது. இக்கட்டுரை அதனை அறியா நிலத்துள் புகுவோர்க்கான வழியறிவுத் தொகுப்பாகக் கொண்டு ஆராய்கிறது. இடரைச் சுட்டல், அதனை அறியும் குறியைக் கூறல், செய்யத்தக்கதை விதித்தல் என்னும் மூன்று கூறுகளால் இவ்வறிவுரைகள் அமைந்துள்ளன என்பதும், காட்டின் கொடுமையைவிடப் புதியவரின் அறியாமையையும் விரைவையும் கவனச் சிதறலையுமே இப்பாட்டு முதன்மை இடராகக் கருதுகிறது என்பதும் நிறுவப்படுகின்றன. பெரும்பாணாற்றுப்படை, சிலப்பதிகாரம் ஆகியவற்றின் வழிப்பகுதிகள் ஒப்பீட்டிற்குக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: மலைபடுகடாம், கூத்தராற்றுப்படை, வழியிடர், வழியறிவு, நவிரமலை, காடுகாண் காதை

முன்னுரை

சங்க இலக்கியத்தில் காடும் மலையும் பேசப்படும் அளவிற்கு அவற்றினூடே நடந்து செல்லும் வழியும் பேசப்படுகிறது. பொருள்வயிற் பிரியும் தலைவன் சுரம் கடக்கிறான். இரவுக்குறிக்கு வரும் தலைவன் மலைச்சாரலைக் கடக்கிறான். உமணர் உப்பு வண்டிகளுடன் கடக்கின்றனர். பாணரும் கூத்தரும் பசியுடன் கடக்கின்றனர். இவர்களுள் தாம் செல்லும் நிலத்தை முன்பு கண்டறியாதவர் பரிசில் நாடிச் செல்லும் கலைஞரே. அவர்களுக்கு வழி கூறுவதற்கென்றே ஓர் இலக்கிய வகை தோன்றியிருப்பது கருதத்தக்கது.

583 அடிகளையுடைய மலைபடுகடாம் இவ்வகையுள் தனித்து நிற்பது. இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய இப்பாட்டின் தலைவன், செங்கண்மாவைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட நன்னன். கூத்தராற்றுப்படை என்னும் மறுபெயரும் இதற்கு உண்டு. ஏறத்தாழ 190ஆம் அடி தொடங்கி 290ஆம் அடி வரையுள்ள பகுதி மலைவழியின் இடர்களையே பேசுகிறது. மன்னனின் புகழ்பாட எழுந்த ஒரு பாட்டு, அவன் மலையில் உள்ள ஆபத்துகளுக்கு ஏறக்குறைய நூறு அடிகளை ஒதுக்கியது ஏன் என்பதே இவ்வாய்வின் தொடக்க வினா.

ஆற்றுப்படையும் வழி கூறலும்

தொல்காப்பியப் புறத்திணையியல், கூத்தர், பாணர், பொருநர், விறலி ஆகிய நால்வர்க்கும் உரியதாக ஆற்றுப்படையைக் கூறுகிறது. வளம் பெற்று வருபவர், பெறாதவரை இடைவழியிற் கண்டு, தாம் பெற்றதை அவர்க்கு அறிவுறுத்தி ஆற்றுப்படுத்துவது இதன் இலக்கணம். இதில் இரு செய்திகள் நம் ஆய்விற்கு இன்றியமையாதன. ஒன்று, வழி கூறுபவர் அவ்வழியில் தாமே சென்று மீண்டவர். மற்றொன்று, கேட்பவரும் கூறுபவரும் ஒரே தொழிலினர். ஒரே வகைச் சுமையையும் ஒரே வகைக் குடும்பத்தையும் உடன்கொண்டு செல்பவர். ஆகவே வழி கூறுபவரின் சொல் கேள்வியறிவினால் வந்ததன்று, பட்டறிவினால் வந்தது.

பிற ஆற்றுப்படைகளில் வழி கூறல் என்பது பெரும்பாலும் வழியிலுள்ள ஊர்களையும் அங்குக் கிடைக்கும் உணவையும் கூறுவதாக அமைகிறது. மலைபடுகடாத்திலும் இது உண்டு. ஆயின் இப்பாட்டில் வழிகாட்டும் கூத்தன், தான் கூறப்போகும் பொருள்களைத் தொடக்கத்திலேயே வரிசைப்படுத்துகிறான். அவ்வரிசையில் முதலில் நிற்பது வழியின் அளவு. அடுத்து நிற்பது தங்குதற்கு நல்ல இடங்கள். பின்னர் உணவும், மலையும், சோலையும், விலங்குகள் வாழும் காடும். மன்னனின் கொடையும் வீரமும் இவற்றின் பின்னரே வருகின்றன. எவ்வளவு தொலைவு, எங்குத் தங்கலாம், என்ன உண்ணலாம் என்னும் வினாக்கள் நெடுவழி புறப்படும் எவரும் முதலில் கேட்டறிய வேண்டியவை. புகழ்ப்பாட்டின் பொருளடைவு வழிநடைத் தேவையின் முறையில் அமைந்திருப்பது தற்செயலானதன்று.

வழிச்செல்வோரின் நிலை

இடரின் அளவு நிலத்தை மட்டும் பொறுத்ததன்று. அதனுள் புகுவோரையும் பொறுத்தது. இப்பாட்டு தன் தொடக்கத்தில் கூத்தர் குழுவை அறிமுகப்படுத்தும் முறை இதனை உணர்த்துகிறது. முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, தூம்பு, குழல் முதலிய இசைக்கருவிகளைப் பையிலிட்டுக் கட்டிச் சுமந்து வருகின்றனர். விறலியர் உடன் வருகின்றனர். அவர்களுடைய அடி கல்லில் மோதி வருந்தியது. இளைத்த நாயின் நாவுக்கு அது உவமிக்கப்படுகிறது. எண்ணெய் காணாத தலையையுடைய சிறுவரும் உடன் உள்ளனர். பசியும் அவர்களுடன் வருகிறது.

அதாவது சுமையுடையோர், நடந்து தளர்ந்தோர், குழந்தைகளை உடையோர், நிலம் அறியாதோர் ஆகிய ஒரு குழு யானையும் பாம்பும் முதலையும் வாழும் மலையை ஏறவிருக்கிறது. வேட்டுவனுக்கும் குறவனுக்கும் இடராகத் தோன்றாத ஒன்று இவர்களுக்கு உயிர்க்கேடாகலாம். வழிகாட்டுபவன் இந்த வேறுபாட்டை மறவாமல் பேசுவதை அடுத்துவரும் பகுதிகள் காட்டும்.

இடர், குறி, செயல்

மலைவழிப் பகுதியின் அறிவுரைகளை ஒருசேர நோக்கினால் அவற்றிடையே ஒரு பொது அமைப்பு புலனாகிறது. முதலில் இடர் இன்னதென்று கூறப்படுகிறது. அது எங்கு, எதனால் உண்டாகிறது என்பது விளக்கப்படுகிறது. பின்னர்ச் செய்ய வேண்டிய செயல் ஏவல் வினையால் விதிக்கப்படுகிறது. கடந்து செல்லுங்கள் என்னும் பொருளுடைய ‘கழிமின்’, தவிர்த்துக் காத்துக்கொள்ளுங்கள் என்னும் பொருளுடைய ‘ஓம்புமின்’ ஆகிய இரு வினைகளும் இப்பகுதியில் மீண்டும் மீண்டும் வருகின்றன.

முதலாவது எச்சரிக்கை விலங்கைப் பற்றியதன்று, பொறியைப் பற்றியது. தினைப்புனத்தை அழிக்கும் பன்றிக்கு அஞ்சிக் குறவர் அது நுழையும் வழிதோறும் பெருங்கல்லால் ஆகிய ‘அடார்’ என்னும் பொறியை வைத்துள்ளனர். இருளில் நடப்போர் அதிற் சிக்குவர். ஆகவே விடியும் வரை தங்கியிருந்து பின்னர்ச் செல்ல வேண்டும் என்கிறான் கூத்தன். இங்கு இடரின் காரணம் உழவு, காலம் இரவு, தீர்வு காத்திருத்தல்.

இரண்டாவது, பலர் நடவாத வழியில் பருக்கைக் கற்களிடையே உள்ள குழிகளில் மறைந்திருக்கும் பாம்பு. அவ்விடத்தைக் குறித்துக்கொண்டு, ஓசையெழுப்பிப் பார்த்து, விறலியர் கைதொழுது வாழ்த்த, சற்றே வழிவிலகி வலப்பக்கமாகச் செல்லுமாறு கூறப்படுகிறது. விறலியரின் வழிபாடு நம்பிக்கை சார்ந்தது. எனினும் நின்று, ஓசை செய்து, விலகிச் செல்லுதல் என்னும் செயல்முறையின் பயன் நம்பிக்கையைச் சார்ந்து நிற்கவில்லை. இரண்டும் ஒரே விதியுள் பிணைந்திருப்பதைப் பிரித்து, ஒன்றை மட்டும் பாட்டின் கருத்தாகக் கொள்வது பொருந்தாது.

மூன்றாவது, கவண்கல். உயர்ந்த பரண்மீது ஏறி நின்று, மலைக்காட்டில் கூடிய யானைகளைத் துரத்தக் குறவர் எறியும் கற்கள் மூங்கிலிற் பட்டுத் தெறித்து, குரங்குகள் குட்டிகளுடன் அஞ்சியோட, கூற்றுவனைப் போல வரும். மரங்களின் மறைவில் ஒதுங்கிச் செல்ல வேண்டும். அடாரும் கவண்கல்லும் வழிப்போக்கரைக் குறித்தவை அல்ல. புனங்காப்போரின் அன்றாடத் தொழில், அதனை அறியாது இடைப்புகும் புதியவர்க்கு இடராகிறது. காடு என்பது ஆளற்ற வெளியன்று, அதில் வாழ்வோரின் பணியிடம் என்னும் தெளிவு இவ்விரு அறிவுரைகளிலும் அடங்கியுள்ளது.

நான்காவது, கான்யாறு. களிற்றையும் இழுத்து மறைக்கும் முதலைகள் ஒடுங்கிய, குமிழி சுழலும் ஆழ்கயங்களின் அருகே, அகழியில் இறங்கினாற் போன்ற இறக்கம் உள்ளது. வழுக்கும் இடங்களும் உள்ளன. மரத்தைச் சுற்றிய பருத்த கொடிகளைப் பற்றிக்கொண்டு, சிறுவரோடு, ஒருவரை ஒருவர் காத்துச் செல்ல வேண்டும். ஐந்தாவது, விழுந்தோரை மறைத்துவிடும் குளத்தையொட்டி, பாசி படர்ந்து அடியைத் தளரச் செய்யும் நிலம். அங்கு வழியில் நெருங்கியுள்ள சிறுமூங்கிலையும் எருவைக் கோலையும் பற்றிக்கொள்ள வேண்டும். பற்றுவதற்குரிய பொருளை அவ்வவ்விடத்து இயற்கையிலிருந்தே எடுத்துக் காட்டுவது இங்கு நோக்கத்தக்கது. ஆற்றிறக்கத்திற்குக் கொடி, பாசிநிலத்திற்குக் கோல் என அறிவுரை இடத்திற்கேற்ப மாறுகிறது. வருணனை மட்டுமே புலவரின் நோக்கமாயின் இந்த நுண்மை வேண்டியதில்லை.

கவனச் சிதறல் என்னும் இடர்

இப்பகுதியில் மிகவும் நுட்பமானது, அழகைப் பற்றிய எச்சரிக்கை. மயில் ஆடித் தளர்ந்தாலும், நெடிய மூங்கிற் கொம்பில் கழைக்கூத்துச் சிறுவரைப் போலக் குரங்கு தாவினாலும், செங்குத்தான மலைப்பக்கத்தில் தேரின் உருளை போன்ற தேனடைகளைக் கண்டாலும் திடுமென நோக்குவதைத் தவிர்க்க வேண்டும் என்கிறான் கூத்தன். காரணத்தையும் கூறுகிறான்: வரிசையாக மெல்ல அடியெடுத்து வைக்கும் நடை, வழிமாறிப் போய்விடும்.

இவை மூன்றும் இனிய காட்சிகள். சங்கப் பாடல்கள் வேறிடங்களில் கொண்டாடும் குறிஞ்சிக் கருப்பொருள்களே இவை. அவற்றையே இப்பாட்டு இடரின் பட்டியலில் வைக்கிறது. இடர் மயிலில் இல்லை. நடப்பவரின் கண் அடியை விட்டு அகல்வதில் உள்ளது. மணமிக்க பூவையும், உண்டோர் மறக்கவியலாப் பழத்தையும் பற்றிய அறிவுரையும் இத்தகையதே. இடமும் வலமும் நோக்கி, குறியறிந்து, அவற்றை நெருங்காமற் செல்லுமாறு அது பணிக்கிறது. மரம் விழுந்து கிடந்தாற் போலக் கிடக்கும் மாசுணப் பாம்பை விலகிச் செல்லுமாறு கூறுவதும் இதற்குச் சற்று முன்னரே வருகிறது. அஞ்சத்தக்கது மரம்போல் தோன்றுகிறது. விலக்கத்தக்கது கனிபோல் தோன்றுகிறது. தோற்றத்தை நம்பிப் புதியவர் முடிவு செய்தலாகாது என்பதே இவற்றின் பொதுக்கருத்து.

இசைக்கருவி பற்றிய விதிகளும் இங்கு இணைத்து எண்ணத்தக்கவை. மலைக்கடவுளைக் கண்டால் தொழுது செல்லலாம். வீணே கருவிகளை இசைத்தல் கூடாது. அம்மலையில் மழை இடையறாது பெய்யும் என்கிறது பாட்டு. ஆனால் வழி தவறிய இடத்தில் அதே கருவிகளை இசைக்குமாறு பணிக்கிறது.

வழி தவறியபின்

கதிரவன் நுழையாத அடர்காட்டில், திசை மயங்கும் இடத்தில், அம்மலையிலேயே வேட்டையாடித் திரியும் குறவரும் மருளும் குன்றில் அகப்பட்டால் செய்ய வேண்டியது யாது? பாட்டின் விடை மூன்று செயல்களாக அமைகிறது. நடப்பதை நிறுத்த வேண்டும்; அகன்ற பாறையில் ஒன்றுகூட வேண்டும்; இசைக்கருவிகளை முழக்க வேண்டும். அவ்வொலி கேட்டுக் காடு காத்து உறையும் கானவர், நீர்த்துறையில் வழுக்கி வீழ்ந்தோரின் கூக்குரலுக்கு ஓடிவருவோரைப் போல விரைந்து வருவர். உண்ணப் பழமும் சூடப் பூவும் காட்டுவர். இடர்மிக்க வழியில் தாம் முன்னே நடப்பர்.

வழி தவறியோர் அச்சத்தால் மேலும் நடந்து, மேலும் தவறுதல் இயல்பு. அதனைத் தடுப்பதே முதல் விதி. குழு பிரியாதிருத்தல் இரண்டாவது. தம்மைப் பிறர் கண்டறியச் செய்தல் மூன்றாவது. கூத்தரின் சுமையாக இருந்த கருவிகள் இங்கு அவர்களைக் காக்கும் கருவிகளாகின்றன. குறவரும் மருளும் இடம் என்று கூறுவதன்மூலம், வழி தவறுதல் இழிவன்று, எவர்க்கும் நேரக்கூடியது என்பதையும் பாட்டு உணர்த்துகிறது. உதவி கேட்க நாணுவதற்கு இடமில்லை.

இரவில் செல்லாமை இப்பகுதியில் மீண்டும் வலியுறுத்தப்படுகிறது. சேணோனின் அம்பு பட்டு வீழ்ந்து கிடக்கும் பன்றியைக் கண்டால் வாட்டி உண்டு, தெளிந்த சுனைநீரைப் பருகி, எஞ்சியதைப் பொதிந்து எடுத்துக்கொண்டு, சொந்த இல்லத்தில் புகுவது போலக் கற்குகையில் தங்க வேண்டும். விடியலில் எழுந்து காட்டின் செவ்விய வழியைக் கொள்ள வேண்டும். உணவு, நீர், அடுத்த வேளைக்கான சேமிப்பு, இராத்தங்கல், புறப்படும் காலம் என அனைத்தும் ஒரு தொடர்ச்சியாக இதில் அமைந்துள்ளன.

பின்வருவோர்க்கு அடையாளம்

நடுகற்கள் நிற்கும் கிளைவழிகளைக் கூறுமிடத்தில், முன்பு அறியாத புதியவராகிய கூத்தர்க்கு ஒரு கடமை விதிக்கப்படுகிறது. வழிகள் கூடுமிடத்தைத் துடைத்துத் தூய்மை செய்து, புல்லை முடிந்து அடையாளம் இட வேண்டும். வழிப்போக்கர் அறியும்பொருட்டு ஊர்ப்பெயர்கள் கல்லில் எழுதப்பட்டிருப்பதையும் இவ்விடத்தே பாட்டு குறிப்பிடுகிறது. நடுகற்கள் மிகுதியாகக் கண்டறியப்பட்ட பகுதிகளுள் செங்கம் ஒன்று என்பது இங்கு நினைக்கத்தக்கது. கிடைத்துள்ள கற்களுட் பல பிற்காலத்தன எனினும், வழியையும் நினைவுக்கல்லையும் இணைத்துக் காணும் பாட்டின் நிலக்காட்சிக்கு அவை அரண் செய்கின்றன.

வழியறிவைப் பெற்றவர் அதனை வழியிலேயே விட்டுச்செல்ல வேண்டும் என்பது புல்முடிதலின் பொருள். வாய்மொழியாகக் கேட்ட கூத்தன் இப்போது குறியால் பேசுகிறான். ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையின் அடிப்படையே இச்செயலில் சுருங்கி நிற்கிறது எனலாம்.

காவற்புகழும் வழியறிவும்

மலைபடுகடாத்தின் தனித்தன்மை ஒப்பீட்டில் தெளிவாகிறது. பெரும்பாணாற்றுப்படையில் இளந்திரையனின் நாட்டில் வழிப்பறி செய்வோர் இலர், இடியும் இடியாது, பாம்பும் கொல்லாது, காட்டு விலங்கும் தீங்கு செய்யாது, விரும்பிய இடத்தில் தங்கிச் செல்லலாம் எனப்படுகிறது. வழியின் பாதுகாப்பு அங்கு மன்னனின் ஆணையால் விளைவது. இதனைக் காவற்புகழ் எனக் குறிக்கலாம். நன்னனும் புகழப்படும் மன்னனே. ஆயினும் அவன் மலையில் பாம்பு உண்டு, முதலை உண்டு, பாசி உண்டு என்று ஒளிக்காமல் கூறுகிறது மலைபடுகடாம். மன்னன் புகழ் வழிச்செல்வோரின் கவனத்திற்கு மாற்றாக வைக்கப்படவில்லை.

இடர்களை மிகுத்துக் கூறுவது பரிசிலின் அருமையை உயர்த்தும் உத்தியே எனச் சிலர் மறுக்கலாம். அவ்வாறாயின் இடர்களை அச்சம் தோன்ற அடுக்கியிருப்பதே போதும்; ஒவ்வோர் இடருக்கும் அதனதன் நீக்கத்தைக் கூற வேண்டியதில்லை. அகப்பாடல்களில் இரவுக்குறி மறுக்கும் தோழி, புலியும் யானையும் பாம்பும் இடியும் உள்ள வழியின் அருமையைக் கூறுவது இத்தகைய அடுக்கே. அங்கு நோக்கம் தலைவனை வரைவு கடாதல். ஆகையால் இடர் தீர்க்கப்படாமல் விடப்படுகிறது. அதே இடர்கள் கூத்தனின் வாயில் தீர்வுடன் வருகின்றன. நோக்கம் வேறாதலே காரணம்.

சிலப்பதிகாரத்தில் இவ்விரு நெறிகளும் அடுத்தடுத்துக் காணப்படுகின்றன. காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன், மதுரைக்குச் செல்லும் வழி மூன்றாகப் பிரிவதைச் சொல்லி, ஒவ்வொன்றின் இயல்பையும் விளக்குகிறான். இடைவழியில் மயக்கும் தெய்வம் உண்டு என எச்சரிக்கிறான். பின்னர் நீர்நிலைக்குச் சென்ற கோவலன்முன் வசந்தமாலை உருவில் அத்தெய்வம் தோன்றும்போது, மறையோன் சொல்லை நினைவுகூர்ந்து ஐயுற்று, மந்திரத்தால் உண்மையறிந்து தப்புகிறான். முன்னறிவிப்பு அவனைக் காக்கிறது. இது வழியறிவு நெறி. புறஞ்சேரி இறுத்த காதையிலோ, பாண்டியன் காக்கும் நாட்டில் கொடுவிலங்குகளும் தீங்கு செய்யா என்னும் புகழை நம்பி, பகல் வெம்மைக்கு அஞ்சிய அவர்கள் இரவில் நடக்கின்றனர். இது காவற்புகழ் நெறி. காட்டில் அந்நம்பிக்கை பொய்க்கவில்லை. ஆனால் காட்டைக் கடந்த கோவலன் அதே மன்னனின் நகரில் ஆணையாலேயே மாள்கிறான். தெய்வத்தின் போலி உருவை ஐயுற்றவன் பொற்கொல்லனின் இன்சொல்லை ஐயுறவில்லை. அது பற்றி அவனுக்கு முன்னறிவிப்போர் இலர். காவற்புகழ் வழியறிவிற்கு ஈடாகாது என்பதைக் காப்பியத்தின் போக்கு உணர்த்துகிறது.

இன்றைய பொருத்தம்

நன்னனின் நவிரமலையை இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துப் பருவதமலை என அறிஞர் கருதுவர். இரும்புச் சங்கிலியும் கடப்பாரைப் படியும் பற்றி ஏற வேண்டிய செங்குத்தான அம்மலைக்கு, முழுநிலா நாள்களில் திரளான அடியவர் இரவிலும் ஏறிவந்துள்ளனர். கொடியையும் கோலையும் பற்றச் சொன்ன பாட்டு பிறந்த மலையாக அது இருப்பின், பற்றுக்கோடு மாறியிருக்கிறது. இரவைப் பற்றிய எச்சரிக்கை மறக்கப்பட்டிருக்கிறது.

2018 மார்ச்சு 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலைச்சரிவில் மலையேற்றம் சென்ற குழுவினர் காட்டுத்தீயில் சிக்கியதில் இருபதிற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் தமிழ்நாட்டில் வகுக்கப்பட்டன. 2024இல் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 வழித்தடங்கள் அறிவிக்கப்பட்டு, மலைவாழ் இளைஞர் வழிகாட்டிகளாக்கப்பட்டனர். பழம்பாட்டொன்று இன்றைய இழப்பைத் தடுத்திருக்கும் எனக் கூறுவது ஆய்வாகாது. ஆயின் உரிய காலமறிதல், குழுவாய் இயங்கல், மண்ணின் மக்களை முன்னே நடக்கவிடல் என உயிரிழப்பிற்குப் பின் நாம் சென்றடைந்த விதிகள், கானவர் முன்செல்லக் கூத்தர் பின்செல்லும் காட்சியில் முன்பே உள்ளன. இப்பகுதியை வருணனையாக மட்டும் கற்பித்துவருவதால் அவை நம் கண்ணிற் படவில்லை.

முடிவுரை

மலைபடுகடாத்தின் மலைவழிப் பகுதி இடர், குறி, செயல் என்னும் மூன்று கூறுகளையுடைய அறிவுரைத் தொகுப்பாக அமைந்துள்ளது. அடார், கவண்கல் ஆகியவை முதன்மை பெறுவதால், காட்டில் வாழ்வோரின் தொழிலை அறியாமையும் இடரே என்பது பெறப்படுகிறது. மயிலையும் தேனடையையும் நோக்காதிருக்கப் பணித்தல், கவனச் சிதறலை இடராகக் கண்ட நுண்மையைக் காட்டுகிறது. வழி தவறியோர் நின்று, கூடி, ஒலியெழுப்ப வேண்டும் என்னும் விதி, குழுப் பாதுகாப்பின் தெளிந்த வடிவம். மன்னனின் காவற்புகழைச் சாராமல் வழிச்செல்வோரின் அறிவைச் சார்ந்து பாதுகாப்பைக் காண்பதே இப்பாட்டைப் பெரும்பாணாற்றுப்படையிலிருந்து வேறுபடுத்துகிறது. இவ்வறிவுரைகளை இன்றைய மலைவாழ் மக்களின் வழிநடை வழக்குகளோடு களஆய்வின்வழி ஒப்பிடுதல், புல்முடிதல் போன்ற வழிக்குறிகள் எங்கேனும் எஞ்சியுள்ளனவா எனத் தேடுதல் ஆகியன மேலாய்விற்கு உரியவை.